நான் வாய்க்காலில் போட்ட மாத்திரைகள்

என் பேத்தி தாரணிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை நான் குறைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ஐந்து மாத்திரை கொடுக்க வேண்டும். அதை மூன்றாக்கினேன், பிறகு ஒன்றாக்கினேன். மீதியைக் காகிதத்தில் சுருட்டி வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் போட்டேன். அப்போது அவளுக்கு எட்டு வயது.

அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. வேதியியல் சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு மருந்தை அளவு மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் எச்சரித்தவன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மகன் பாஸ்கர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். மருமகள் வனிதா திருவாரூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. விடிந்ததும் பஸ் பிடித்தால்தான் மணியடிக்கும் முன் போய்ச் சேர முடியும். அதனால் தாரணியை எழுப்பி, சாப்பிட வைத்து, பள்ளிக்கு அனுப்புவது என் பொறுப்பு. மகள் கவிதாவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நோய் சத்தமில்லாமல் வந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போது தாரணி முதலில் கவிழ்ந்து கைகளைத் தரையில் ஊன்றுவாள். பிறகு முழங்காலைப் பிடிப்பாள், பிறகு தொடையை. தன் உடம்பையே ஏணியாக்கி அதன்மேல் ஏறி நிற்பதுபோல இருக்கும்.

"என்னடி, கிழவி மாதிரி எந்திரிக்கிற? பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிப்பா?" என்றேன்.

"நான் எந்திரின்னுதான் சொல்றேன் தாத்தா. காலு கேக்க மாட்டேங்குது."

கண் இமைகள் ஊதா நிறமாக மாறின. விரல் முட்டிகளில் சிவந்த தடிப்புகள். வெயிலில் நின்றால் கன்னம் கன்றிச் சிவந்தது. நான் சேற்றுப்புண் களிம்பு தடவினேன். வனிதாதான் ஒரு சனிக்கிழமை பிடிவாதமாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனாள். அங்கே ரத்தப் பரிசோதனை, தசைக்குள் ஊசி செருகி மின்னோட்டம் பார்ப்பது, ஸ்கேன், கடைசியில் தொடையிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பரிசோதிப்பது என்று எல்லாம் நடந்தன. ஜுவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்றார்கள். குழந்தைகளுக்கு அரிதாக வருவது. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள், ஆள் தெரியாமல் சொந்தத் தசையையும் தோலையும் தாக்குகின்றன. தொற்று இல்லை, யாருக்கும் ஒட்டாது. அந்த அணுக்களை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை.

மாத்திரை வேலை செய்தது. தீபாவளிக்கு அவள் மாடிப்படி ஏறி மத்தாப்பு கொளுத்தினாள். ஆனால் முகம் உப்பி வட்டமாகிவிட்டது. கன்னத்தில் பூனைமுடி. கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு. அது மருந்தின் பக்கவிளைவு, தானாகக் குறையும், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். என் முன்னால்தான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் வேதாரண்யத்திலிருந்து கவிதாவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உப்பளம். பெண் பார்க்க வந்த அன்று தாரணியைப் பின்கட்டு அறையில் டிவி போட்டு உட்கார வைத்துவிட்டேன். "குடும்பத்துல நோய் நொடி ஒண்ணும் இல்லையே?" என்று தரகர் கேட்டார். ஒன்றுமில்லை, பேத்திக்கு மட்டும் கொஞ்சம் அலர்ஜி என்றேன். நிச்சயதார்த்தத்தில் அவளை மறைக்க முடியாது. ஒரே பேத்தி, தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டியவள். சபையில் அந்த முகத்தைப் பார்த்தால் ரத்தத்தில் வரும் வியாதி என்று நினைத்து விலகிவிடுவார்கள் என்று பயந்தேன். நன்றாகத்தானே இருக்கிறாள், கொஞ்சம் குறைத்தால் என்ன என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன்.

"தாத்தா, இன்னிக்கு மூணுதானா?" என்று தாரணி கேட்டாள்.

"டாக்டர் குறைக்கச் சொல்லிட்டாருடா. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"அய், ஜாலி. ஒரே கசப்பு தாத்தா."

ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலிருந்து வனிதா போன் செய்வாள். "மாமா, மாத்திரை குடுத்தாச்சா?" "ஆச்சும்மா" என்பேன்.

நிச்சயதார்த்தத்துக்குள் முகம் கொஞ்சம் வடிந்துவிட்டது. பட்டுப்பாவாடையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் புகைப்படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தட்டின் கனம் தாங்காமல் அவள் முழங்கைகள் இடுப்பில் முட்டுக்கொடுத்து நிற்பதை இப்போது பார்த்தால் தெரிகிறது. அன்று நான் முகத்தை மட்டுமே பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் குரல் மாறியது; மூக்கால் பேசினாள். ஒருநாள் குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிட்டிருந்தன. ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் போகும்போது மன்னார்குடி வரை நிமிடத்துக்கு ஒருமுறை அவள் வாயிலிருந்து எச்சிலைத் துடைத்துக்கொண்டே வந்தாள் வனிதா. எச்சிலைக்கூட அவளால் விழுங்க முடியவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒருநாள்கூட விடலையே?"

"ஒருநாள்கூட விடலை டாக்டர்" என்றாள் வனிதா. "என் மாமனாரே தன் கையால குடுக்கிறாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

முழு அளவு மருந்து கொடுத்தும் நோய் திரும்பிவிட்டது என்று அவர் எழுதிக்கொண்டார். அதற்கு மேல் நடந்த எல்லா முடிவுகளும் அந்த ஒரு வரியின் மேல் கட்டியவை.

அன்றிலிருந்து வனிதா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டாள். மாத்திரைகள் அவள் கைக்குப் போயின. அடுத்த ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரிதான். சொட்டு மருந்தாக ஸ்டீராய்டு, வாரம் ஒரு ஊசி, பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம், புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று. ஒவ்வொன்றும் சில வாரம் கைகொடுக்கும், பிறகு கைவிட்டுவிடும். முழங்கையில் தோலுக்கு அடியில் சுண்ணாம்புக் கட்டிகள் கல்போல முளைத்து, ஒன்று உடைந்து வெள்ளையாக வடிந்தது. கவிதாவின் கல்யாணம் இதற்கு நடுவே நடந்தது. பேத்திக்கு நிமோனியா என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் பாஸ்கர் அங்கே ஓவர்டைம் பார்த்தான். அவன் கட்ட நினைத்த மாடி அஸ்திவாரத்தோடு நின்றது. எங்கள் மேலக்கால் வயல் கைமாறியது. வயல் போனது எனக்கு உறைக்கவே இல்லை.

கடைசியில் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யும் டாக்டர் அம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்து விளக்கினார். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் எல்லாவற்றுக்கும் தாயான அணுக்கள் இருக்கின்றன. ஊசி போட்டு அவற்றை ரத்தத்துக்கு வரவழைத்து, ஒரு இயந்திரத்தால் பிரித்தெடுத்து உறைய வைத்துவிடுவார்கள். பிறகு கடும் மருந்துகளால் வழி தவறிப்போன எதிர்ப்பு அணுக்களை அழிப்பார்கள். அழித்த பின், எடுத்து வைத்த தாய் அணுக்களைத் திரும்ப ஏற்றுவார்கள். அவை புதிதாக வளர்ந்து வரும்வரை உடம்பில் எதிர்ப்பே இருக்காது. ஒரு சாதாரணச் சளிகூட உயிரை எடுக்கலாம்.

"நாத்தங்காலா?" என்றாள் தாரணி. "வெதைய எடுத்து வச்சுட்டு, வயலச் சுத்தமா ஓட்டிட்டு, திரும்ப வெதைக்கிறீங்க."

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். வனிதா சிரிக்கவில்லை. "அதே வெதைதானே டாக்டர்? அதே களை திரும்ப வராதா?"

"வரலாம்மா. வராம இருக்கிறதுக்கு வாய்ப்பு அதிகம்னுதான் செய்யறோம். ஆனா இந்த நோய்க்கு இதை ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் செஞ்சிருக்காங்க. வேற எந்த மருந்தும் கேக்கலைன்னா மட்டும்தான் இது. உயிருக்கே ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சுதான் நீங்க கையெழுத்துப் போடணும்."

வேறு எந்த மருந்தும் கேட்கவில்லை என்றால் மட்டும். அந்தச் சொல் என் காதில் நின்றுவிட்டது. முதல் மருந்து கேட்கவில்லை என்பது பொய். அது பொய் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

வனிதா பரிசோதனைச் சீட்டு வாங்கப் போயிருந்தபோது தாரணி சக்கர நாற்காலியிலிருந்து என் சட்டையை இழுத்தாள்.

"தாத்தா, நான் அப்போ மாத்திரைய கம்மியா சாப்புட்டேன்ல? கசப்பு இல்லேன்னு சந்தோசமா இருந்தேன்ல? அதனாலதான் இதா?"

எவ்வளவு நாளாக அந்தக் குழந்தை இதைச் சுமந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு இல்லை. டாக்டர் குறைக்கச் சொல்லவே இல்லை என்பதை அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இல்லடா. தாத்தா பொய் சொன்னேன். டாக்டர் சொல்லல. தாத்தாவாத்தான் குறைச்சேன். உன் தப்பு ஒரு துளி இல்ல."

"அம்மாகிட்ட சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"அம்மா உங்களத் திட்டுமே" என்றாள் கவலையோடு.

வனிதா திரும்பி வந்ததும் மூவருமாக மறுபடி டாக்டர் அம்மாவின் அறைக்குள் போனோம். எப்படித் தொடங்குவது என்று யோசித்தால் தொடங்கவே முடியாது என்று தெரிந்ததால், உட்காராமலே சொன்னேன். ஐந்து, மூன்று, ஒன்று, வாய்க்கால், நிச்சயதார்த்தம். எல்லாம் சில வாக்கியங்களில் முடிந்துவிட்டது.

வனிதா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாரணியின் காதுகளைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "தினமும் கேட்டேனே மாமா. பஸ்ல நின்னுக்கிட்டு, கம்பியப் புடிச்சுக்கிட்டு, தினமும் கேட்டேனே."

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்புறம் குடுத்த மருந்தெல்லாம்?"

"நான் குடுத்தேன்" என்றாள் வனிதா. "எல்லாம் நான்தான்."

"அப்ப இதைத் தள்ளிப்போடணும். முழு அளவு மருந்தை எங்க கண்ணு முன்னாடி இன்னொரு முறை குடுத்துப் பாக்காம நான் இந்தக் குழந்தையைத் தொட மாட்டேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னது நல்லது சார். அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னும் நல்லது."

"நான் குறைச்சதாலதான் இவ்வளவு முத்திடுச்சா?"

"தெரியாது. முத்தியிருக்கலாம். எப்படியும் இப்படித்தான் போயிருக்கும்னும் இருக்கலாம். இனி யாராலயும் சொல்ல முடியாது."

அந்தப் பதிலோடுதான் இன்றுவரை இருக்கிறேன்.

சிகிச்சை தள்ளிப்போனது. மாத்திரைகளை நர்ஸே கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். தசை சிதையும்போது ரத்தத்தில் கூடும் ஒரு நொதியை வாரம்தோறும் அளந்தார்கள். முதலில் குறைந்தது. நான் சொன்னதால் குழந்தை அந்த ஆபத்திலிருந்து தப்பிவிட்டாள் என்று ஒரு சில நாட்கள் மனதுக்குள் கர்வம்கூடப் பட்டேன். பிறகு அது ஏறியது, ஏறிக்கொண்டே போனது. அந்தக் காத்திருப்பில் அவளுக்கு உணவு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சலும் வந்தது. இனித் தாமதிக்க முடியாது என்றார்கள். இம்முறை சந்தேகமில்லாமல் வனிதா கையெழுத்துப் போட்டாள். பாஸ்கர் போனில் சம்மதம் சொன்னான். என்னை யாரும் கேட்கவில்லை.

தனி அறைக்குள் ஒருவர்தான் இருக்கலாம். அது வனிதா. வடிகட்டிய காற்று, இரட்டைக் கதவு, பூவுக்கும் விபூதிக்கும் அனுமதியில்லை. நான் தரைத்தளத்துக் காத்திருப்புக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். வனிதா என்னிடம் பேசுவதில்லை. மூன்றாவது மாடியில் நடப்பதை அவள் மஸ்கட்டுக்கு எழுதுவாள். பாஸ்கர் அதை எனக்கு அனுப்புவான். மூன்று மாடி இறங்கி வர வேண்டிய செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. முடி கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண். தாய் அணுக்களை ஏற்றிய அன்று, அவற்றோடு சேர்த்த பாதுகாப்பு மருந்தினால் அறை முழுக்கப் பூண்டு வாடை அடித்ததாம். 'யாரும்மா இங்க ரசம் வைக்கிறது' என்று கேட்டாளாம். அந்தச் செய்தியைப் பலமுறை படித்தேன்.

பிறகு அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கின. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் கொடுக்க ஆள் வேண்டும், உடனே வேண்டும் என்றார்கள். பாஸ்கர் கவிதாவுக்குச் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை வேதாரண்யத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையும் அவருடைய நண்பர்கள் சிலரும் இறங்கினார்கள். கடைசியாகச் சம்பந்தி இறங்கினார்.

நான் எழுந்து நின்றேன். மறைத்ததை எல்லாம் சொன்னேன். அவர் வெயிலில் கறுத்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சம்பந்தி, நான் உப்பளத்துல நிக்கிறவன். என் கால வந்து பாருங்க, தோலு உரிஞ்சு கெடக்கும். முகம் வீங்குன புள்ளையப் பாத்தா எந்திரிச்சு ஓடிருவேன்னா நெனைச்சீங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாத்தியாருன்னு மரியாதையாப் பேசுறேன்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து எனக்கும் ஒரு டீயை நீட்டினார். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினார். உள்ளே மாப்பிள்ளையின் கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. யார் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று மாத்திரையைக் குறைத்தேனோ, அந்த வீட்டுத் தட்டணுக்கள் அன்று தாரணிக்குள் ஏறின.

அதன்பின் ஒரு நாள் பாஸ்கரிடமிருந்து வெறும் எண் ஒன்று வந்தது. வெள்ளை அணுக்கள் முளைத்துவிட்டன. அன்று சாயங்காலம் வனிதா முதல்முறையாகக் கீழே வந்தாள். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது.

"நான் என்ன செய்யட்டும்மா?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போங்க மாமா. வீட்டச் சரி பண்ணணும். நர்ஸு எல்லாத்தையும் சொல்லுவாங்க. அவங்க சொன்னபடி. நீங்களா ஒண்ணு நெனைச்சுக்கிட்டு எதையும் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். சொன்னபடி."

சொன்னபடி செய்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. புதிய அணுக்களுக்குப் பூஞ்சைதான் பெரிய எதிரி. ஈர வைக்கோல், சாணம், நெல் மூட்டை, தூசி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எங்கள் வீடு இருப்பதோ அவற்றின் நடுவில். மாடுகளை விற்றேன். வைக்கோல் போரைப் பிரித்து அனுப்பினேன். ஓதம் ஏறிய சுவரைக் கொத்திப் பூசினேன். வீட்டை ஒட்டிய வயலில் அந்த வருடம் நடவில்லை. வெள்ளிக்கிழமை, எல்லாம் சுத்தமாகிவிட்டதே, சாம்பிராணி போடலாம் என்று கரியை எடுத்தேன். கை நின்றது. நர்ஸுக்குப் போன் செய்தேன். "புகையே வேண்டாம் சார்" என்றார். கரியைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

மிஞ்சியது தெரு. தை அறுவடையில் எங்கள் தெருச் சிமெண்ட் ரோடு முழுக்க நெல் காயும். வேண்டாம் என்று கேட்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய், நோயின் பெயரையும் நான் செய்ததையும் சொன்னேன். எதிர்வீட்டு முருகையன் வாயில் வெற்றிலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அலர்ஜின்னுதானே சொன்னீங்க வாத்தியாரே?"

"பொய் சொன்னேன்."

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ரோடு என்ன எங்கப்பன் வீட்டு ரோடா? களத்துல கொட்டிக் காய வச்சுக்கிறோம். வாத்தியாரு பொய் சொல்லுவாருன்னு இப்பத்தான் தெரியுது. எங்க பசங்கள எத்தன பேர பொய் சொன்னான்னு முட்டி போட வச்சீங்க?"

அந்த வருடம் எங்கள் தெருவில் ஒரு மணி நெல் காயவில்லை.

தாரணி வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. முழுக்கக் குணம் என்று டாக்டர் அம்மா சொல்வதில்லை. நோய் அடங்கியிருக்கிறது, பார்க்கலாம் என்கிறார். இமையின் ஊதா மறைந்துவிட்டது. தலையில் சுருள் சுருளாக முடி வந்திருக்கிறது. முழங்கைக் கட்டிகள் கரையவில்லை. தரையில் உட்கார்ந்தால் ஒரு கையை மட்டும் ஊன்றி எழுகிறாள். மாத்திரைகள் குறைந்துகொண்டு வருகின்றன, டாக்டர் குறைக்கிறார்.

மாத்திரைப் பை வனிதாவின் தோளில்தான் இருக்கும். குளிக்கப் போனாலும் உள்ளே எடுத்துப்போவாள். நான் அந்தப் பக்கம் கை நீட்டியதில்லை. தேவைக்கு மேல் அவள் என்னிடம் பேசுவதுமில்லை. அது நியாயம்தான் என்பதால், சென்னையில் ஒருமுறை கேட்டதோடு சரி, மன்னிப்பு என்ற சொல்லை நான் இரண்டாம் முறை எடுக்கவில்லை.

போன வாரம் ஒரு காலை. மாத்திரைகளைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பாமலே வனிதா குரல் கொடுத்தாள்.

"மாமா, தண்ணி கொண்டாங்க. கொதிச்சு ஆறுனது."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆறிய தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நின்றேன். வனிதா வாங்கித் தாரணியிடம் கொடுத்தாள். தாரணி மாத்திரைகளை எனக்குத் தெரியும்படி ஒவ்வொன்றாக வாயில் போட்டாள். தண்ணீரைக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மூக்கில் ஒரு சொட்டு வரவில்லை.

காலி டம்ளரை வனிதா என்னிடம் நீட்டினாள். "ராத்திரிக்கும் இதே மாதிரி ஆற வச்சிருங்க" என்றாள்.